பழைய கம்ப்யூட்டர் பிழைத்தது; பழைய செல்போன் ஏன் பிழைக்கவில்லை?



மலருக்கு எழுதச் சொல்லி நம் பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, "ஒரு கவிதை கொடுடா, அரைப் பக்கம் போதும்" என்றான். எனக்குக் கவிதை வராது. ஆனால் இந்த ஓராண்டில் எனக்கு இரண்டு அனுபவங்கள் கிடைத்தன. ஒன்றில் ஜெயித்தேன். இன்னொன்றில் தோற்றேன், அதுவும் என் சொந்த அக்காவின் பொருளை வைத்துத் தோற்றேன். இரண்டும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தப் பாடத்தை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

நான் ஜெயித்த கதை

நம் பேரவை அறையில் நாலு கம்ப்யூட்டர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2012இல் வாங்கியவை. மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம். எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதைவிட நொண்டியது என்று சொல்லலாம். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை வரும்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு சிறு நீட்டிப்பு. சரி, விண்டோஸ் 11 போடலாமே என்றால், இன்டெல் பிராசசராக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று நிபந்தனை. நம்முடையது மூன்றாம் தலைமுறை. சர்வீஸுக்கு வந்தவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இதெல்லாம் எடைக்குப் போட வேண்டியதுதான் தம்பி."

நானும் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றிக்கொண்டோம். முதல் மெஷினில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. திரை, சவுண்டு, யுஎஸ்பி, நெட் எல்லாம் தானாகவே வந்துவிட்டன. ஒரே ஒரு மெஷினில் மட்டும் வைஃபை வரவில்லை. கேபிளை மாட்டி, அந்தச் சில்லுக்கான ஃபர்ம்வேரை இறக்கியதும் அதுவும் வந்தது. மாலைக்குள் நாலும் தயார். ஆன் செய்தவுடன் ராமில் ஒரு ஜிபிக்கும் குறைவாகவே பிடிக்கிறது. இந்த மலரின் பாதிப் பக்கங்கள் அந்த மெஷின்களில் டைப் அடித்தவைதான்! தமிழ்99 விசைப்பலகையும் அதில் இருக்கிறது.

பைசா செலவில்லாமல் நாலு கம்ப்யூட்டர் பிழைத்தன. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

நான் தோற்ற கதை

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அக்காவிடம் 2017இல் வாங்கிய ஒரு ஸ்மார்ட்போன் இருந்தது. திரையில் ஒரு கீறல் கிடையாது. பேட்டரியும் பரவாயில்லை. ஆனால் வாங்கி இரண்டு வருஷத்தில் கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது. சில ஆப்கள், "உங்கள் ஆண்ட்ராய்டு பழையது" என்று சொல்லி உள்ளே விடவில்லை.

"இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு பாத்தேன். புதுசு வாங்கணுமாம்டா" என்றாள் அக்கா.

"எதுக்கு வாங்கற? குடு, நான் புதுசாக்கித் தர்றேன்" என்று வீரமாக வாங்கிக்கொண்டேன்.

அந்த மாடலுக்கு, யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் தயாரித்த புது ஆண்ட்ராய்டு கிடைத்தது. அதை ஏற்ற வேண்டுமானால் முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். கம்பெனியிடம் அதற்கான கோடு கேட்டு, காத்திருந்து வாங்கினேன். கட்டளையைக் கொடுத்ததும் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி எச்சரிக்கை வந்தது. எப்போதும் அழுத்துவது போல, படிக்காமலே "சரி" என்று அழுத்திவிட்டேன்.

போனில் இருந்தது எல்லாம் அழிந்தது. பூட்லோடரைத் திறந்தால் உள்ளே இருக்கும் தகவல் முழுக்கத் துடைக்கப்படும் என்பதுதான் அந்த நாலு வரி. அக்கா பையன் முதன்முதலாக எழுந்து நடந்த வீடியோ அதில்தான் இருந்தது. வேறெங்கும் காப்பி இல்லை.

புது ஆண்ட்ராய்டு ஏறியது உண்மை. ஆனால் கேமரா வேலை செய்யவில்லை. போன் பேசினால் எதிராளிக்கு நம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

அக்கா திட்டவில்லை. "போன் போனா போவுதுடா. அந்த வீடியோ வருமா?" என்று மட்டும் கேட்டாள். வராது. இந்தக் கால போன்களில் தகவல் எல்லாம் மறைக்குறியாக்கித்தான் சேமிக்கப்படுகிறது. துடைக்கும்போது அதைப் படிப்பதற்கான சாவியே அழிக்கப்படுகிறது. சாவி இல்லாத மறைக்குறியீட்டை எந்த ரெக்கவரி சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு கேள்வி மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. பேரவை அறையின் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ். ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பதும் அதே லினக்ஸ். அங்கே அரை மணி நேரத்தில் வந்த உயிர் இங்கே ஏன் வரவில்லை?

இயக்க அமைப்பும் கட்டற்ற மென்பொருளும்

முதலாண்டு தம்பி தங்கைகளுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். பிராசசர், மெமரி, திரை, கீபோர்டு இவை உறுப்புகள். இவற்றைப் பங்கிட்டு வேலை வாங்கும் மேஸ்திரிதான் ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதாவது இயக்க அமைப்பு. அதன் மையப் பகுதி கெர்னல். ஒவ்வொரு உறுப்போடும் அதன் பாஷையில் பேசத் தெரிந்த சிறு நிரல்கள் டிரைவர்கள்.

நிரலை மனிதர் எழுதும் வடிவம் மூல நிரல். கம்பெனிகள் பொதுவாக அதைத் தருவதில்லை. கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்தை மட்டும் தருவார்கள். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவருக்கு ஒரு பிரிண்டரால் இந்தச் சங்கடம் வந்தது. பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிதாக வந்த ஜெராக்ஸ் பிரிண்டருக்கு மூல நிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். 1983இல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் உண்டு. நிரலை யாரும் ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதே அதன் கொள்கை. திருத்தி வெளியே கொடுப்பவர் அந்தத் திருத்தத்தின் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும் என்று ஜிபிஎல் என்ற உரிமம் கட்டாயப்படுத்துகிறது.

1991 ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் 386 கம்ப்யூட்டருக்காக ஒரு கெர்னல் எழுதுவதாகவும், பொழுதுபோக்குக்காகத்தான் செய்வதாகவும் அறிவித்தார். அடுத்த ஆண்டே அதை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அதுதான் லினக்ஸ். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2017 நவம்பர் முதல் அந்த 500இலும் லினக்ஸ்தான்! நம் வயது மாணவர் ஒருவர் தொடங்கிய வேலை இது என்பதை மறக்க வேண்டாம்.

இதை நம்மில் பலர் "இலவச சாஃப்ட்வேர்" என்கிறார்கள். ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் அது. நமக்கு அந்தக் குழப்பம் வேண்டியதில்லை. தமிழில் "கட்டற்ற மென்பொருள்" என்கிறார்கள். காசு இரண்டாம் பட்சம். கட்டு இல்லை என்பதுதான் விஷயம்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

கம்ப்யூட்டர் ஏன் சுலபம்?

இனி என் கேள்விக்கு வருகிறேன். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்தார்கள். அதன் உள்ளமைப்பை விளக்கும் தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டார்கள். பயாஸ் என்ற தொடக்க நிரலின் பதிப்புரிமை மட்டும் ஐபிஎம்மிடம் இருந்தது. காம்பேக் கம்பெனி அதைக் காப்பியடிக்காமல், அதே வேலையைச் செய்யும் பயாஸை சொந்தமாக எழுதியது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பிசி செய்யலாம் என்று ஆகிவிட்டது. யார் செய்தாலும் ஒரே மாதிரி பூட் ஆகியே தீர வேண்டும்; இல்லாவிட்டால் விற்காது.

அடுத்தது இன்னும் முக்கியம். பிசிஐ, யுஎஸ்பி போன்ற இணைப்புகளில் மாட்டும் ஒவ்வொரு பாகமும் தன் பெயரைத் தானே சொல்லும். தயாரிப்பாளர் எண் 16 பிட், பாகத்தின் எண் 16 பிட். லினக்ஸ் கெர்னல் பூட் ஆகும்போது வரிசையாக "நீ யாரப்பா?" என்று கேட்கிறது. பதில் வந்ததும் தன் பட்டியலில் பார்த்து அதற்குரிய டிரைவரை எடுத்து மாட்டிவிடுகிறது. பிசிஐயில் இன்டெல் பாகங்கள் சொல்லும் தயாரிப்பாளர் எண் என்ன தெரியுமா? ஹெக்ஸில் 8086! லேபில் நாம் படிக்கும் அதே 8086. லினக்ஸ் போட்ட மெஷினில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை எண்களைக் காட்டும்படி கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஆக, பேரவை அறையில் நான் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. 40 ஆண்டுகளாகத் திறந்து கிடக்கும் வாசலில் நுழைந்தேன், அவ்வளவுதான்.

செல்போன் ஏன் கஷ்டம்?

செல்போனில் பிராசசர், கிராபிக்ஸ், மோடம் எல்லாம் பெரும்பாலும் ஒரே சில்லில். அதைச் சுற்றி டச் ஸ்கிரீன், கேமரா, சென்சார்கள், மின்னழுத்தத்தைக் கவனிக்கும் சில்லுகள். இவற்றில் பல ஐ2சி போன்ற எளிய இணைப்புகளில் தொங்குகின்றன. ஐ2சியில் வழக்கமாக 7 பிட் முகவரி மட்டும்தான். பெயர் சொல்லும் ஏற்பாடு இல்லை. நம் புராஜெக்டுகளில் பயன்படுத்தும் டிஎஸ்1307 கடிகாரச் சில்லின் முகவரி ஹெக்ஸில் 68. எம்பியு6050 அசைவு சென்சாரின் முகவரியும் வழக்கமாக 68தான். 68இல் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று பதில் வரும். இருப்பது கடிகாரமா, சென்சாரா? போர்டை வடிவமைத்தவருக்குத்தான் தெரியும்.

எனவே போனில் எந்த முகவரியில் எது இருக்கிறது, எதற்கு எத்தனை வோல்ட் என்று கெர்னலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். ஆர்ம் பிராசசர்களுக்கான லினக்ஸ் 2011, 2012 வாக்கில் இந்த முறைக்கு மாறத் தொடங்கியது. ஒரு மாடலின் பட்டியல் இன்னொரு மாடலுக்கு ஆகாது. வோல்ட் கணக்குத் தப்பினால் சில்லே பழுதாகலாம்.

8051 லேபை நினைத்துப் பாருங்கள். போர்ட் 1இன் முகவரி ஹெக்ஸில் 90 என்று டேட்டாஷீட்டில் இருப்பதால்தானே நாம் எல்இடியை எரிய வைக்கிறோம்? டேட்டாஷீட்டே தரமாட்டேன் என்றால்? ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்து எத்தனை நாளில் கண்டுபிடிப்பது? பழைய போனுக்கு லினக்ஸ் எழுதும் தன்னார்வலர்கள் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறார்கள். அக்காவின் போனில் கேமரா வராததற்குக் காரணம் அந்த முகம் தெரியாத நண்பரின் சோம்பல் அல்ல. அவரிடம் டேட்டாஷீட் இருந்திருக்காது.

"ஆண்ட்ராய்டு திறந்த மூலம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். பாதி உண்மை. 2007 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2008இல் எச்டிசி ட்ரீம் போனில் முதலில் வந்த ஆண்ட்ராய்டின் அடிப்படை மூல நிரல் திறந்தே இருக்கிறது. அதன் கெர்னல் லினக்ஸ் என்பதால் ஜிபிஎல் படி கம்பெனிகள் அந்த மூல நிரலைத் தர வேண்டும். ஆனால் கேமரா, கிராபிக்ஸ், மோடம் இவற்றுக்கான முக்கிய நிரல்கள் பல கெர்னலுக்கு வெளியே மூடிய வடிவில் இருக்கின்றன. பிளே ஸ்டோர் போன்ற கூகுள் சேவைகளும் மூடியவைதான். சில்லு கம்பெனி அந்த மூடிய நிரல்களைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், போன் கம்பெனி நினைத்தாலும் புது ஆண்ட்ராய்டு கொடுப்பது பெரும்பாடு. இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் 2017இல் ஆண்ட்ராய்டு 8இல் ட்ரெபிள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, சில்லைச் சார்ந்த பகுதியையும் மற்றதையும் பிரித்தார்கள்.

பூட்டும் சாவியும்

மூன்றாவது தடை பூட்லோடர் பூட்டு. கம்பெனி கையெழுத்திட்ட இயக்க அமைப்பைத் தவிர வேறெதையும் அது ஏற்றாது. முதலில் எனக்கு இதன் மேல் கோபம்தான் வந்தது. யோசித்த பிறகு, பூட்டு கெட்டது அல்ல என்று தோன்றியது. உங்கள் போனைத் திருடியவன் அதில் தன் சொந்த இயக்க அமைப்பை ஏற்றி உங்கள் படங்களைப் பார்க்க முடிந்தால் நல்லதா? திறக்கும்போது தகவல் துடைக்கப்படுவதும் அதற்காகத்தான். என் அக்காவின் வீடியோவை அழித்தது திருடனிடமிருந்து அவளைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடுதான். தப்பு என்னுடையது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. பூட்டு இருக்கட்டும், சாவி யாரிடம்? வீட்டை வாங்கியவரிடம் சாவி இருக்க வேண்டாமா? சில கம்பெனிகள் கேட்டால் திறக்கும் கோடு தருகின்றன. சில மாடல்களைத் திறக்கவே வழியில்லை. கூகுளின் பிக்சல் போன்களில், திறந்து வேறு இயக்க அமைப்பைப் போட்டபின் அதற்குரிய சாவியைப் பதிந்து மீண்டும் பூட்டிக்கொள்ளவும் முடியும். கிராஃபீன் ஓஎஸ் என்ற கட்டற்ற அமைப்பு இந்த வசதியைப் பயன்படுத்துகிறது. பூட்டும் இருந்து, சாவியும் நம் பக்கம் இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஆக, ஒரு கருவி உண்மையிலேயே நம்முடையதாக இருக்க மூன்று வேண்டும்.

1. மூல நிரல்
2. டேட்டாஷீட்
3. சாவி

கம்ப்யூட்டரில் மூன்றும் பெரும்பாலும் கிடைக்கின்றன. போனில் முதலாவது பாதி, இரண்டாவது அபூர்வம், மூன்றாவது கம்பெனியின் தயவு. என் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான்.

விடாமல் முயன்றவர்கள்

ஆனாலும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 2007இலேயே ஓபன்மோகோ திட்டத்தார் நியோ 1973 என்ற போனைக் கட்டற்ற முறையில் செய்தார்கள். நோக்கியாவின் என்900 போன் 2009இல் மேமோ என்ற லினக்ஸோடு வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டின் திறந்த பகுதியிலிருந்து சயனோஜன்மாட் பிறந்தது. அதன் பின்னாலிருந்த கம்பெனி 2016 டிசம்பரில் கையை விரித்தபோது, தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்து லீனியேஜ் ஓஎஸ் என்று தொடர்ந்தார்கள். உபுண்டு டச்சை 2017இல் கேனானிகல் கைவிட்டதும் யுபிபோர்ட்ஸ் குழு எடுத்துக்கொண்டது.

மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் கதை இன்னும் சுவையானது. 2013இல் போன்களில் வந்து, இரண்டே ஆண்டுகளில் போன் முயற்சி கைவிடப்பட்டது. ஆனால் அதன் திறந்த நிரலிலிருந்து கை ஓஎஸ் உருவானது. 2017இல் நம் நாட்டில் வந்த ஜியோபோனில் இருந்தது அதுதான்! நம் வீட்டுப் பாட்டிகள் பட்டன் போனில் வாட்ஸ்அப் பார்த்தது இப்படித்தான். மாறாக, மூடிய விண்டோஸ் 10 மொபைல் 2020 ஜனவரியில் ஆதரவு நின்றதோடு முடிந்தது. எடுத்துத் தொடர யாருக்கும் வழியில்லை.

2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் திட்டத்தின் லட்சியம், ஒரு போன் பத்து ஆண்டுகள் ஓட வேண்டும் என்பது. நெதர்லாந்தின் ஃபேர்போன் கம்பெனி, 2015இல் விற்ற தன் இரண்டாம் மாடலுக்கு, சில்லு கம்பெனி கைவிட்ட பிறகும் 2023 வரை அப்டேட் கொடுத்தது. நம் சென்னை ஐஐடியில் வளர்ந்த ஒரு கம்பெனி 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் என்பதை அறிமுகப்படுத்தியது. அதன் அடித்தளமும் ஆண்ட்ராய்டின் திறந்த பகுதிதான். மனம் இருந்தால் நடக்கும் என்பதற்கு இவை போதாதா?

செய்ய விரும்பும் நண்பர்களுக்கு

நான் பட்டதை நீங்கள் படக்கூடாது. அதனால் சில குறிப்புகள்:

1. முதலில் பேக்அப். இரண்டு இடத்தில் எடுங்கள். எடுத்ததைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. கம்ப்யூட்டரில் நேரடியாக இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கை அது தொடாது. வைஃபை, சவுண்டு, திரை எல்லாம் வருகிறதா என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

3. 4 ஜிபி ராம் இருந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ நன்றாக ஓடும். 2 ஜிபி என்றால் லுபுண்டு அல்லது ஆன்டிஎக்ஸ் பாருங்கள். 64 பிட்டா, 32 பிட்டா என்றும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 முதல் பழைய 32 பிட் பிசிக்களுக்கு டெபியன் இன்ஸ்டாலர் தருவதில்லை. ஆன்டிஎக்ஸில் 32 பிட் பதிப்பு உண்டு.

4. எந்த சாஃப்ட்வேர் இல்லாமல் உங்களுக்கு வேலை நடக்காது என்று முதலிலேயே பட்டியல் போடுங்கள். ஆட்டோகேட் லினக்ஸில் நேரடியாக ஓடாது. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் லிப்ரேகேட், ஃப்ரீகேட் பழகலாம். ஆனால் தேர்வுக்கு ஆட்டோகேட் வேண்டுமென்றால் ஒரு மெஷினை விண்டோஸிலேயே விட்டு வையுங்கள். எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்குக் கவலை இல்லை: பிசிபி வரைய கீகேட், 8051க்கு எஸ்டிசிசி கம்பைலர் இரண்டும் கட்டற்றவை.

5. போன் என்றால், உங்கள் மாடலின் சரியான எண்ணுக்கு லீனியேஜ் போன்ற திட்டத்தின் அதிகாரபூர்வ ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சில்லு வேறாக இருக்கலாம். எது வேலை செய்யும், எது செய்யாது என்ற பட்டியலை முழுக்கப் படியுங்கள்.

6. பூட்லோடர் திறந்த போனில் சில பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும். ஜிபே, போன்பே இல்லாமல் முடியாது என்பவர்கள் இரண்டு முறை யோசியுங்கள். வாரண்டி போய்விடலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பிறர் போனில் முதல் பரிசோதனை வேண்டவே வேண்டாம். அக்கா தங்கை போனாக இருந்தாலும் சரி!

8. புதுப் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் வாயால், "எத்தனை வருஷம் அப்டேட் வரும்? பூட்லோடர் திறக்க விடுவாங்களா?" என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காகத் தெரிந்து வைத்திருப்பார்.

நமக்கு இதில் என்ன வேலை?

சாஃப்ட்வேர் எழுதுவதெல்லாம் பெரிய காலேஜ்காரர்கள் வேலை, நாம் டிப்ளமோ என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மேலே சொன்ன போன் வேலைக்கு வேண்டியது என்ன? டேட்டாஷீட் படிக்கத் தெரிய வேண்டும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிய வேண்டும். போர்டில் சீரியல் போர்ட் புள்ளியைக் கண்டுபிடித்து ஒயர் ஒட்டத் தெரிய வேண்டும். அசெம்பிளியும் கொஞ்சம் சி மொழியும் தெரிய வேண்டும். இதெல்லாம் நம் சிலபஸில் இருப்பதுதானே? பொறுமை ஒன்றுதான் சிலபஸில் இல்லை. அதை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

அடுத்து வரும் பேரவைக்கு என் சிறு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேரவை அறையைத் திறந்து வையுங்கள். மாணவர்கள் வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவரட்டும். எடைக்குப் போகுமுன் ஒருமுறை லினக்ஸ் போட்டுப் பார்ப்போம். பிழைத்ததை வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் இல்லாமல் செல்போனிலேயே சி புரோகிராம் அடித்துப் பழகும் தம்பிகள் நம் ஹாஸ்டலில் இருக்கிறார்கள்.

அக்காவின் போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அக்கா புதிது வாங்கிவிட்டாள். அந்தக் கேமரா சில்லு எந்த முகவரியில் பதில் சொல்கிறது என்பது வரை கண்டுபிடித்திருக்கிறேன். படம் இன்னும் வரவில்லை. வந்தாலும் போன வீடியோ திரும்பாது, எனக்குத் தெரியும். ஆனால் பையன் இப்போது மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறான். கேமரா வேலை செய்யும் நாளில் முதல் படம் அவனைத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இந்த முறை எடுத்தவுடனே இரண்டு காப்பி!

பழுதானால் திறந்து பார்க்கும் குணம் தொழிற்கல்வி மாணவனுக்கு அழகு. திறக்குமுன் எச்சரிக்கையைப் படிப்பதும் அந்த அழகில் சேர்ந்ததுதான் என்று சொல்லி முடிக்கிறேன்.